போரா, பேச்சுவார்த்தையா? சேலம், நாமக்கல் சொல்லும் பாடம்

முதலாம் ஆங்கிலேய மைசூர் போரில், 1768-இல் ஆங்கிலேயப் படை சேலம், நாமக்கல் கோட்டைகளைப் பிடித்தது. சில மாதங்களிலேயே ஹைதர் அலி அவற்றை மீட்டார். 1769-இல் சென்னையின் வாசல் வரை படையோடு வந்தும், அவர் நகரைத் தாக்காமல் சமாதானம் பேசினார். சென்னை உடன்படிக்கை கையெழுத்தானது. ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதன் முக்கிய விதி.

ஆனால் மராத்தியர் மைசூர்மீது படையெடுத்தபோது ஆங்கிலேயர் உதவவில்லை. அந்தக் கசப்போடு, 1779-இல் மாஹேயை ஆங்கிலேயர் பிடித்ததும் சேர, 1780-இல் மீண்டும் போர் மூண்டது. அடுத்த போரின் முடிவில், 1792-இல் திப்பு சுல்தான் பாதி நாட்டை இழந்தார். சேலம் பகுதி கம்பெனி வசமானது.

பேச்சுவார்த்தை போரை நிறுத்தியது; வாக்கு மீறல் அதைத் திரும்ப அழைத்தது. இன்றைய போர்நிறுத்தங்களையும் கையெழுத்தை வைத்தல்ல, வாக்கு காக்கப்படுகிறதா என்பதை வைத்தே நாம் எடைபோட வேண்டும்.