பரிமாறாத விருந்து

சென்ற தை மாதத்தில் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இலைக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர். யாரோ என் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்து வைத்தார்கள். சோற்றில் சாம்பாருக்குக் குழி பறித்துக்கொண்டிருந்த மனிதர் கையை நிறுத்திவிட்டு, "ஏன் ஸார், அந்தத் தாத்தாவும் பேத்தியும் கடைசியில் சாப்பிட்டார்களா, இல்லையா?" என்று கேட்டார்.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் சுரீர் என்று ஞாபகம் வந்தது. இருபது வருஷங்களுக்கு முன்னால் ஒரு சின்னப் பத்திரிகையில் தொடர்கதை எழுதினேன். அதில் ஒரு கிழவரும் அவர் பேத்தியும் மழையில் நனைந்துகொண்டு ஒரு சத்திரத்துக்கு வந்து சேருகிறார்கள். காரியஸ்தர் இரண்டு இலை போடச் சொல்கிறார். அந்த இடத்தில் 'தொடரும்' என்று போட்டேன். அடுத்த இதழ் வரவே இல்லை, பத்திரிகை நின்றுவிட்டது. நானும் வேறு கதைக்குப் போய்விட்டேன்.

"பத்திரிகை நின்றுவிட்டது, ஸார்" என்று முனகினேன்.

"பத்திரிகை நின்றால் பசி நின்றுவிடுமா?" என்றார் அவர். சாம்பார் வந்தது. அவர் சாப்பிட ஆரம்பித்தார். எனக்குத்தான் இறங்கவில்லை.

வீடு திரும்பும்போது, இதே மாதிரி சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் இன்னொரு கூட்டம் நினைவுக்கு வந்தது. அறுநூறு வருஷங்களுக்கு மேலாகக் காத்திருக்கிறது அந்தக் கூட்டம். இடம், லண்டன் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள சதர்க். விடுதியின் பெயர் டாபர்டு. நான் கல்லூரியில் படித்தது இரண்டே வருஷம். அதில் ஆங்கில ஆசிரியர் எங்களுக்கு சாஸர் என்ற கவிஞரின் 'காண்டர்பரி கதைக'ளின் முன்னுரையை நடத்தினார். பரீட்சைக்காகப் படித்ததெல்லாம் மறந்துவிட்டது. அந்த விடுதி மட்டும் மறக்கவில்லை.

டாபர்டு வெறும் கற்பனை அல்ல. வின்செஸ்டரைச் சேர்ந்த ஹைடு மடத்தின் தலைவர், லண்டனுக்கு வரும்போது தங்குவதற்காகப் பதினாலாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதர்க்கில் இடம் வாங்கினார். அவருடைய ஜாகையை ஒட்டி எழுந்ததுதான் இந்த விடுதி. டாபர்டு என்றால் கட்டியக்காரர்கள் மேலே மாட்டிக்கொள்ளும் அங்கி. அதுதான் விடுதியின் அடையாளம்.

அந்தக் காலத்தில் லண்டன் நகரத்துக்குத் தேம்ஸ் நதியின் மேல் ஒரே ஒரு பாலந்தான். இரவில் அதன் கதவை அடைத்துவிடுவார்கள். நேரம் கழித்து வந்தவனும், விடியுமுன் தெற்கே புறப்பட வேண்டியவனும் சதர்க்கில்தான் படுத்தாக வேண்டும். ஆகவே அந்தத் தெரு முழுவதும் விடுதிகள் முளைத்தன.

தெற்கே போகிறவர்களில் காண்டர்பரி யாத்ரிகர்கள் அதிகம். 1170-இல் அரசன் இரண்டாம் ஹென்றியின் வீரர்கள் நால்வர், காண்டர்பரிப் பேராலயத்துக்குள்ளேயே ஆர்ச்பிஷப் தாமஸ் பெக்கெட்டை வெட்டிக் கொன்றார்கள். மூன்று வருஷத்துக்குள் அவரைப் புனிதராக்கினார்கள். அவருடைய சமாதியைத் தரிசிக்க ஜனங்கள் திரண்டு போனார்கள். சுமார் 90 கிலோமீட்டர் தூரம். குதிரையில் நிதானமாகப் போனால் மூன்று நாலு நாள் ஆகும்.

சாஸர் 1387-ஐ ஒட்டித் தம் கதையைத் தொடங்கினார் என்பார்கள். வசந்த காலத்து மாலை ஒன்றில் டாபர்டில் 29 யாத்ரிகர்களைக் கொண்டுவந்து இறக்குகிறார். போர்வீரன், கன்னிமடத் தலைவி, மாவு மில்காரன், வைத்தியர், ஐந்து கலியாணம் செய்துகொண்ட ஒரு சீமாட்டி, ஏழை உழவன், எல்லாரும் ஒரே சாப்பாட்டு மேஜையில்! நம் ஊர்ச் சத்திரத்தில் காசு கேட்க மாட்டார்கள். ஆனால் பல சத்திரங்களில் சாதியைக் கேட்டார்கள். சாஸரின் டாபர்டில் யாரும் சாதி கேட்கவில்லை, காசு கேட்டார்கள். எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் மில்காரனும் மடத்துத் தலைவியும் ஒருவர் கதையை ஒருவர் கேட்க வேண்டுமானால், ஒரே பந்தியில் உட்கார்ந்துதானே ஆகவேண்டும்?

விடுதிக்காரன் ஹாரி பெய்லி நல்ல சாப்பாடு போடுகிறான். காரமான மது ஊற்றுகிறான். எல்லாரும் கணக்குத் தீர்த்துப் பணம் கொடுத்த பிறகுதான் தமாஷாகப் பேச ஆரம்பிக்கிறான்! இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். "வழிக்கு ஆளுக்கு இரண்டு கதை, திரும்பும்போது இரண்டு கதை சொல்லுங்கள். நானே கூட வந்து தீர்ப்புச் சொல்கிறேன். நன்றாகச் சொன்னவருக்கு, திரும்பி வந்ததும் இதே விடுதியில் மற்றவர்கள் செலவில் விருந்து" என்பது அவன் யோசனை. பார்த்தீர்களா சாமர்த்தியத்தை! முப்பது பேரும் திரும்பி வந்து இவனிடமே சாப்பிட்டாக வேண்டும்!

இந்த ஆசாமியும் நிஜந்தான். சதர்க் தொகுதியின் சார்பில் 1376-லும் 1378-லும் பார்லிமெண்டில் உட்கார்ந்த ஹென்றி பெய்லி என்பவர் இருந்தார். 1380–81 வரிக் கணக்கில் ஹென்றி பெய்லி, விடுதிக்காரர், மனைவி கிறிஸ்டியன், வரி இரண்டு ஷில்லிங் என்று பதிவாகியிருக்கிறது. கதையில் வரும் விடுதிக்காரனோ மனைவியின் வாய்க்கு நடுங்குகிறான். அவளை வேறு பெயரால் குறிப்பிடுகிறான். லண்டன் துறைமுகத்தில் பன்னிரண்டு வருஷம் சுங்கக் கணக்குப் பார்த்தவர் சாஸர். கணக்கில் உள்ள மனிதனை எடுத்துக்கொண்டு மனைவி பெயரை மட்டும் மாற்றிவிட்டார் போலிருக்கிறது. கதை எழுதுகிறவர்களுக்கு இந்த ஜாக்கிரதை புரியும்.

யாத்ரிகர்களோடு ஒரு சமையற்காரனும் போகிறான். கோழியை எலும்பு மஜ்ஜையோடு வேக வைப்பதில் கெட்டிக்காரன். அவன் சேர்க்கும் மசாலாக்களில் ஒன்று நம் வீட்டுச் சித்தரத்தை! இருமலுக்கு நம் பாட்டிமார் கஷாயம் வைக்கும் அதே சரக்கு கீழ்த்திசையிலிருந்து கடலும் பாலைவனமும் தாண்டி, இங்கிலாந்தில் கோழிக் குழம்புக்குப் போயிருக்கிறது. ஆனால் அவன் கடையில் இரண்டு தடவை சூடாக்கி இரண்டு தடவை ஆறிப்போன பண்டமும் விற்பான், ஈயும் மொய்க்கும் என்று விடுதிக்காரன் எல்லார் முன்னிலையிலும் போட்டு உடைக்கிறான். ஒரு சாப்பாட்டுக் கடைக்காரனின் குட்டு இன்னொருவனுக்குத் தெரியாதா?

இப்படிக் கோலாகலமாகத் தொடங்கிய பிரயாணம் முடியவில்லை. கணக்குப்படி கிட்டத்தட்ட 120 கதைகள் இருக்க வேண்டும், இருப்பவை 24. அவற்றிலும் சில அரைகுறை. அந்தச் சமையற்காரன் கதையே சூடேறும்போது அறுந்துபோகிறது. யாத்ரிகர்கள் காண்டர்பரி போய்ச் சேரக்கூட இல்லை. 1400-இல் சாஸர் காலமாகிவிட்டார். பரிசு யாருக்கு என்று விடுதிக்காரன் சொல்லவே இல்லை. விருந்து பரிமாறப்படவே இல்லை.

ஆனால் ஒரு வாசகனுக்கு இது பொறுக்கவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில், பெயர் தெரியாத ஒருவர் பேனாவை எடுத்தார். சாஸரின் ஆட்களைக் காண்டர்பரிக்குக் கூட்டிப் போனார். அங்கே நிஜமாகவே இருந்த செக்கர் என்ற விடுதியில் இடம் பிடித்துக் கொடுத்தார், சாப்பாடு போட்டார், சமாதியைத் தரிசிக்க வைத்தார். பாவமன்னிப்புப் பத்திரம் விற்கும் ஆசாமி, விடுதிப் பெண்ணிடம் அசடு வழிந்து, தன் காசில் ஏற்பாடு செய்த வாத்துக் கறியை அவளும் அவள் காதலனும் தின்னப் பட்டினி கிடந்ததையும் எழுதினார். பிறகு திரும்பும் வழிக்கு ஒரு கதை சொன்னார். அது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியில் பிழைத்திருக்கிறது. அவராலும் டாபர்டு வரைக்கும் அவர்களைக் கொண்டுவந்து சேர்க்க முடியவில்லை. ஆனாலும் நடுவழியில் நின்றவர்களுக்கு ஒருவேளைச் சோறு போட்ட புண்ணியவான் அவர்.

அப்புறம் எல்லாமே போயிற்று. 1538-இல் எட்டாம் ஹென்றி பெக்கெட்டின் சமாதியை இடித்தான், யாத்திரை நின்றது. 1676-இல் சதர்க்கில் பெரும் தீ, டாபர்டு எரிந்தது. மறுபடி கட்டி டால்பட் என்று பெயர் மாற்றினார்கள். ரயில் வந்தது, குதிரை வண்டிகளும் வண்டிப் பேட்டைகளும் படுத்துவிட்டன. 1873-இல் டால்பட்டையும் இடித்தார்கள். இன்று அந்தச் சந்தில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. பக்கத்தில் அதே தீக்குப் பின் கட்டிய ஜார்ஜ் விடுதியின் ஒரு பகுதி மிஞ்சியிருக்கிறது.

மரமும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய டாபர்டு போய்விட்டது. மசியால் கட்டிய டாபர்டில் இன்றும் குதிரை லாயம் விசாலமாக இருக்கிறது, மேஜை போட்டிருக்கிறது, முப்பது பேர் திரும்பி வருவார்கள் என்று அடுப்பு எரிகிறது. சாஸருக்குச் சாவு குறுக்கே வந்தது. எனக்கு என்ன வந்தது? பத்திரிகை நின்ற மறுவாரமே ஒரு தாளும் பேனாவும் என்னிடம் இருந்தன. இரண்டு ஜீவன்களை மழையில் நடக்க வைத்துச் சத்திரத்து இலைமுன் உட்கார்த்திவிட்டு, நான் மட்டும் இருபது வருஷம் வேளை தவறாமல் சாப்பிட்டிருக்கிறேன். அந்தப் பெரியவரோ இருபது வருஷமாக அந்த இலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பரணிலிருந்து பழைய கட்டை இறக்கிவிட்டேன். கடைசி அத்தியாயம் செல்லரிக்காமல் இருக்கிறது. கிழவருக்குப் பல் கிடையாது என்று ஐந்தாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். ரசஞ்சாதம் குழைவாக இருந்தால் நல்லது. இந்தக் கட்டுரையைத் தபாலில் சேர்த்துவிட்டு, அவர்கள் இருவருக்கும் பரிமாறிய பிறகுதான் இன்றைக்கு எனக்குச் சாப்பாடு.