பர்னாசு மலையில் கிடைத்த ஆண்டுக் கணக்கு

ஏதென்ஸ் நகரிலிருந்து தெல்பிக்குச் செல்லும் பேருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் 180 கிலோமீட்டரைக் கடக்கிறது. லிவதியா வரை வழியில் சிறப்பாகச் சொல்ல ஏதுமில்லை. அதன்பின் சாலை வளைந்து வளைந்து பர்னாசு மலையில் ஏறுகிறது. அரகோவா என்னும் ஊரில் தெரு மிகக் குறுகலானது. கல்வீடுகளை உரசாமல் பேருந்து ஊர்ந்து செல்கிறது. புனித ஜார்ஜியார் விழாவின்போது இவ்வூரின் முதியவர்கள் மேட்டுச் சரிவில் ஓட்டப்பந்தயம் ஓடுகிறார்களாம்! அங்கிருந்து பத்துக் கிலோமீட்டர். இடப்புறம் ஆழ்ந்த பள்ளத்தாக்கு. அதன் அடிவாரமெங்கும் ஒலிவ மரங்கள். அவற்றுக்கப்பால் கொரிந்து வளைகுடாவின் நீலக் கீற்று.

அப்பொல்லோ கோவிலின் இடிபாடுகளைக் கடந்து சென்றுதான் பேருந்து தெல்பி ஊரில் நிற்கிறது. இந்த இடைவெளி முன்பு இருந்ததில்லை. கஸ்திரி என்ற பெயருடன் இவ்வூர் அந்த இடிபாடுகளின் மேலேயே குடியிருந்தது. 1891-இல் அகழ்வுரிமை பிரான்சுக்குக் கிடைத்தது. அதற்கு முன் நடந்த பேரத்தில் கிரேக்க நாட்டு உலர்திராட்சையின் சுங்கவரியும் அடிபட்டது என்பது வேடிக்கையான செய்தி. வீடுகளை விலைக்கு வாங்கப் பிரெஞ்சுப் பாராளுமன்றம் 5,00,000 பிராங்கு ஒதுக்கியது. ஆயினும் 1892-இல் வேலை தொடங்கியபோது ஊரார் எதிர்த்தனர். படைவீரர் காவலுடன்தான் மண்வெட்டி இறங்கியது. தலைமுறைகளாக வாழ்ந்த மண்ணைப் பழங்கற்களுக்காக விட்டுப் போகச் சொன்னால் யார்தான் எதிர்க்கமாட்டார்?

அவ்வாறு வெளிப்பட்ட கற்களுள் சில சிறு துண்டுகளை நாம் தேடிச் சென்று காணவேண்டும். பயண நூல்கள் குறிசொன்ன பெண்ணைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. இத்துண்டுகளையோ பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. முதற்பகுதி 1905-இல் வெளியிடப்பட்டது. 1967-க்குள் ஒன்பது துண்டுகள் ஒன்றுசேர்க்கப்பட்டன. அது கிளவுதியு பேரரசர் அனுப்பிய மடல். அதில் அக்காயாவின் ஆட்சியாளர் கல்லியோவின் பெயர் இருக்கிறது. புனித பவுலைக் கொரிந்து நகர யூதர்கள் நடுவர் இருக்கைமுன் இழுத்து வந்தபோது வழக்கையே ஏற்காமல் அவர்களை விரட்டிய அதே கல்லியோ. மெய்யியலார் செனேக்காவின் அண்ணன்.

பவுலின் மடல்களில் ஆண்டு எதுவும் இல்லை. இம்மடலிலோ பேரரசர் 26-ஆம் முறை வெற்றி வாழ்த்துப் பெற்றவர் எனக் குறிக்கப்படுகிறார். உரோமை நகரில் கி.பி. 52 ஆகஸ்டு முதல் நாளைச் சேர்ந்த மற்றொரு கல்வெட்டு அவரை 27-ஆம் முறை பெற்றவர் என்கிறது. எனவே மடல் அதற்கு முந்தியது. ஆட்சியாளரின் பதவிக்காலம் பொதுவாக ஓராண்டே. ஆகவே கல்லியோ 51-52-இல் கொரிந்தில் இருந்திருக்கவேண்டும். பவுல் அந்நகரில் ஒன்றரை ஆண்டு தங்கினார் எனத் திருத்தூதர் பணிகள் கூறுவதால், அவர் வந்தது ஏறத்தாழ 50-ஆம் ஆண்டு. அவருடைய பயணங்களுக்கு அறிஞர் தரும் ஆண்டுகள் பெரிதும் இதனை ஒட்டியே முன்னும் பின்னும் எண்ணப்படுகின்றன. தெல்பியின் பெயரோ திருத்தூதர் பணிகளில் ஓரிடத்திலும் இல்லை!

மடலின் பொருள் பவுலைப் பற்றியதன்று. தெல்பியில் குடிமக்கள் குறைந்துவிட்டனர் எனக் கல்லியோ அறிவித்திருந்தார். பிற நகரத்தாரை அழைத்து அங்கே குடியேற்றுமாறு பேரரசர் எழுதினார். அந்தக் கட்டளையை நாம் படிப்பதற்காகத்தான் கஸ்திரியின் குடிகள் அவ்விடத்தை விட்டு எழுப்பப்பட்டனர்.