யகரத்தின் இடம்: ஐந்தெழுத்திலும் எபிரேய யோதிலும் இறைப்பணிவு

ஜொகூர் பாருவின் அருள்மிகு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலில் ஆத்மலிங்கம் அமைந்த சன்னிதியின் சுவர்களில் சுமார் 300,000 உருத்திராக்க மணிகள் பதிந்திருக்கின்றன. நேபாளத்திலிருந்து வந்த அந்த மணிகள் ஒவ்வொன்றும் மந்திரம் ஓதிப் பதிக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. 1922இல் எளிய வழிபாட்டிடமாகத் தொடங்கிய கோயில் இந்த நூற்றாண்டில்தான் கண்ணாடி மயமாயிற்று. ஆத்மலிங்கத்துக்கு அடியார்கள் தம் கையாலேயே பன்னீர் சொரியலாம். உருத்திராக்கம் ஏந்திய சைவரின் நாவில் நிற்பது ‘நமசிவாய’ என்னும் ஐந்தெழுத்து. அந்த ஐந்தில் ஓர் எழுத்து, ஓதுகிறவரையே குறிக்கிறது. அது யகரம். இறைவனின் திருப்பெயருக்குள் உயிருக்கும் ஓர் எழுத்து தரப்பட்டது ஏன்? அது எங்கே நிற்க வேண்டும் என்பதில் சைவ சித்தாந்தம் ஏன் இத்தனை கண்டிப்புக் காட்டுகிறது? இறைவன் முன் பணிவது என்றால் தன்னைச் சிறுமைப்படுத்திக்கொள்வது என்றே பொதுவாகக் கருதுகிறோம். யகரத்தைக் கூர்ந்து பார்த்தால் அந்தக் கருத்து நிலைக்காது என்பது என் வாதம்.

இதை விளக்க எபிரேய மரபின் யோத் என்ற எழுத்தை அருகில் வைத்துப் பார்ப்பது பயன்தரும். தமிழ்க் கிறித்தவர்களுக்கு இந்த எழுத்து அந்நியமில்லை. 119ஆம் சங்கீதம் எட்டெட்டு வசனங்களாக 22 எழுத்துகளின் வரிசையில் அமைந்தது. பல தமிழ்ப் பதிப்புகளில் அந்த எழுத்துகளின் பெயர்களே தலைப்புகளாக நிற்கின்றன. யோதும் யகரமும் ஒரே ஒலியைத் தருபவை. தமிழெழுத்தின் மூலமான பிராமி, அரமேய எழுத்திலிருந்து பிறந்ததா என்பது இன்னும் தீராத வழக்கு. இங்கே அதன்மேல் எதையும் கட்டப்போவதில்லை. இரண்டு மரபுகளும் தத்தம் வழியில் சிந்தித்தன என்று கொள்வதே போதும்.

எபிரேய எழுத்துகளிலெல்லாம் மிகச் சிறியது யோத். கோட்டின் மேலே தொங்கும் ஒரு சிறு வளைவு, அவ்வளவுதான். யூதச் சமய நூலான பாபிலோனியத் தால்முதின் மெனாஹோத் பகுதி இதற்கு அழகான விளக்கம் தருகிறது. இவ்வுலகம் ‘ஹே’ என்ற எழுத்தாலும் வரப்போகும் உலகம் யோத் என்ற எழுத்தாலும் படைக்கப்பட்டன. அங்கே சேரும் நல்லோர் சிலரே என்பதால் அது சிறிய எழுத்து. அதன் தலை ஏன் வளைந்திருக்கிறது? ஒருவர் செயல்போல் மற்றொருவர் செயல் இல்லாததால் நல்லோர் தலைகுனிந்தே இருப்பார்கள் என்பது விடை. சாராயின் பெயரிலிருந்து எடுக்கப்பட்ட யோத் இறைவனிடம் முறையிட்டது என்றும், அது பின்னர் ஓசேயாவின் பெயருக்கு முன் வந்து அவரை யோசுவா ஆக்கியது என்றும் யூத மரபு கதை சொல்கிறது. எவ்வளவு சிறிய எழுத்தானாலும் இறைவன் அதைக் கைவிடுவதில்லை என்பது அக்கதையின் உயிர்.

மோசேயைப் பற்றிய இரண்டு எழுத்துக் குறிப்புகளும் இதே திசையில் செல்கின்றன. எண்ணாகமம் 12ஆம் அதிகாரம் அவரை மண்ணில் யாவரினும் பணிவுள்ளவர் என்கிறது. மூல எழுத்தமைப்பில் பணிவைக் குறிக்கும் அச்சொல்லில் யோத் இல்லை. லேவியராகமத்தின் முதற்சொல்லின் இறுதியிலுள்ள ஆலெப் என்ற எழுத்து மற்ற எழுத்துகளைவிடச் சிறியதாக எழுதப்படுகிறது. 14ஆம் நூற்றாண்டில் தொலேதோவில் வாழ்ந்த யாக்கோபு பென் ஆஷேர், இறைவன் தம்மை விரும்பி அழைத்தார் என்று எழுத மோசே கூசியதன் அடையாளமாக அச்சிறிய எழுத்தைக் கண்டார். ஆக, இந்த மரபில் பணிவு அளவாலும் வடிவாலும் எழுதப்படுகிறது. சுருங்குவதும் வளைவதும் குறைவதும் அதன் குறிகள்.

அதே 14ஆம் நூற்றாண்டில் தில்லையில் உமாபதி சிவம் திருவருட்பயன் இயற்றினார். நூறு குறள்கள் கொண்ட அந்நூலின் ஒன்பதாம் அதிகாரம் ‘ஐந்தெழுத்தருள் நிலை’. சிகரம் சிவம், வகரம் அருள், யகரம் உயிர், நகரம் திரோதம் என்னும் மறைப்பாற்றல், மகரம் உயிரைப் பிணிக்கும் மலம். இதில் உமாபதியாரின் கவனமெல்லாம் வரிசையில்தான். ‘நமசிவாய’ என்று ஓதும்போது திரோதமும் மலமும் முன்னே நின்று உயிர் கடைசியில் நிற்கிறது. ‘சிவாயநம’ என்று ஓதும்போது உயிர் நடுவே வருகிறது. அதன் ஒருபுறம் பிறவியில் சுழற்றும் கூத்து, மறுபுறம் ஞானக் கூத்து. இரண்டுக்கும் இடையில், எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்தின் தன்மையை அடையும் ஒன்றாக யகரம் நிற்கிறது. வீடுபேற்றை நாடுவோர் சிகரத்தை முன்வைத்து ஓத வேண்டும் என்பது அவர் முடிவு. யகரத்தின் உருவத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது சிறியதா பெரியதா, நிமிர்ந்ததா வளைந்ததா என்று யாரும் கேட்கவில்லை. எதைச் சார்ந்து நிற்கிறது என்பதே கேள்வி.

இங்கேதான் இரு மரபுகளும் ஆழமாகப் பிரிகின்றன. சித்தாந்தத்தில் உயிர் இயல்பில் வியாபகமானது. அதை அணுவளவாகக் குறுக்கிவைப்பது ஆணவ மலம். ‘நான்’ என்று நிமிரும்போது உயிர் பெரிதாவதில்லை. அப்போதுதான் அது மிகச் சிறிதாகிறது. யோதில் சிறுமை ஒரு நற்பண்பு. சைவத்தில் சிறுமைதான் நோய். ஆகவே இங்கே பணிவு என்பது ஆணவத்தின் குறுக்கத்திலிருந்து விடுபட்டு, தனக்குத் தானே முதலில்லை என்று அறிந்து, அருளைச் சார்ந்து நிற்பது. அப்படி நிற்கும் உயிர் தன் பரப்பைத் திரும்பப் பெறுகிறது.

இந்த வாசிப்பு என் கற்பனையன்று. மெய்கண்டாரின் மாணவரான திருவதிகை மனவாசகங்கடந்தார் உண்மை விளக்கத்தில் ஐந்தெழுத்தைக் கூத்தப்பெருமான் திருமேனியில் இரண்டு வகையாக வைத்துக் காட்டுகிறார். ஒன்றில் அடி நகரம், வயிறு மகரம், தோள் சிகரம், முகம் வகரம், முடி யகரம். உயிரைக் குறிக்கும் எழுத்து இறைவனின் திருமுடியில் ஏறிவிடுகிறது! மற்றொன்றில் உடுக்கை ஏந்திய கை சிகரம், வீசிய கை வகரம், தீயேந்திய கை நகரம், காலடியில் முயலகன் என்னும் அசுரனை மிதித்த இடம் மகரம். ‘அஞ்சேல்’ என்று காட்டும் அபயகரமே யகரம். காலடியில் கிடப்பது மலம். உயிரோ காக்கும் கையில் இருக்கிறது. பணிவை வெறும் தாழ்ச்சியாகக் கொண்டிருந்தால் ஆசிரியர் யகரத்தை அடியில் வைத்திருப்பார்.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். எபிரேய மரபும் சிறிய எழுத்தைச் சிறுமையிலேயே விட்டுவிடவில்லை. இறைவனின் நான்கெழுத்துத் திருப்பெயர் யோதில்தான் தொடங்குகிறது. யோத் என்ற பெயரும் கையோடு தொடர்புடையது. 119ஆம் சங்கீதத்தின் யோத் பகுதி, இறைவனின் கைகளே தம்மை உருவாக்கின என்ற அறிக்கையோடு தொடங்குகிறது. படைத்த கை அங்கே, காக்கும் கை இங்கே. ஒன்றையொன்று அறியாத இரு மரபுகள் இவ்வளவு அருகில் வந்து நிற்பதைப் பார்க்க மனம் நெகிழ்கிறது.

மாணிக்கவாசகர் தம்மை நாயினும் கடையவராகச் சொல்லிக்கொள்ளவில்லையா என்று கேட்கலாம். சொல்லிக்கொண்டார், நாவுக்கரசரும் தம் பழைய வாழ்வை நொந்து நொந்து பாடினார். ஆனால் அந்த இழிப்புரைகள் அருள் வந்து சேர்ந்த பிறகு எழுந்தவை. மலத்தோடு கிடந்த தம் பழைய நிலையை அளந்து, அங்கும் வந்து ஆட்கொண்ட கருணையை வியக்கின்றன. ஐந்தெழுத்தின் துணையால் கடலில் கல்லே புணையாக மிதந்த அதே நாவுக்கரசர்தான், பல்லவ மன்னன் ஆளனுப்பி அழைத்தபோது தாம் எவருக்கும் குடியல்லர் என்று மறுத்தவர். ஒருவன் அடியில் முழுதும் பணிந்ததால் மற்ற எவர் முன்னும் வளையத் தேவையில்லாமல் போயிற்று அவருக்கு.

மலேசியத் தமிழர்களுக்குப் பணிவுக்கும் சிறுமைக்கும் உள்ள இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. ஜொகூரின் குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய தலைமுறைகள் கங்காணி முறையின் கீழ் வந்தவை. இந்திய அரசு 1938இல் அந்த ஆள்சேர்ப்பை நிறுத்தும்வரை அது நடந்தது. 1941இல் கிள்ளான் பகுதித் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களது கோரிக்கைகளில் ஒன்று, துரைமார் எதிரே வரும்போது சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்குவது. மனிதர் முன் குனிய வைக்கப்பட்ட ஒரு சமூகத்திடம் ‘சிறியவனாக இரு’ என்பதையே பக்தியாகக் கற்பித்தால், அது இறைவனை விட்டுவிட்டுத் துரையையே பலப்படுத்தும். லயத்தின் ஓரத்தில் மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் கோயில் எழுப்பிய அந்த மக்களுக்கு யகரத்தின் பாடம் வேறு மாதிரி ஒலித்திருக்கும். நீ அபயகரத்தில் இருக்கிறாய், உன்னைக் குறுக்குவது எதுவோ அது காலடிக்குரியது.

மீண்டும் கண்ணாடிக் கோயிலைப் பற்றி ஒரு கருத்து. இவ்வளவு பகட்டான இடத்தில் பணிவுக்கு எங்கே இடம் என்று கேட்போர் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியில் உடன்பாடில்லை. சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரத்தில், புலன்களின் நிறத்தைத் தன் நிறமென மயங்கும் உயிருக்குப் பல நிறம் காட்டும் படிகத்தை மெய்கண்டார் உவமை காட்டுகிறார். சிவப்பும் நீலமும் பச்சையும் மஞ்சளுமாகப் பதித்த கண்ணாடிக்குச் சொந்த ஒளி கிடையாது. விளக்கு இருக்கும்வரை மின்னுகிறது. கட்டியவர்கள் இதை எண்ணிக் கட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சித்தாந்தம் படித்த ஒருவர் அங்கே நிற்கும்போது யகரத்தின் நிலையைக் கண்ணாலேயே காணலாம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் விழாவில் பிள்ளைகள் பண்ணோடும் பிழையில்லாமலும் ஓதுகிறார்கள். அந்த உழைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். எழுத்துகளின் பொருளும் வரிசையும் அதே அக்கறையோடு கற்பிக்கப்படுவது குறைவு. சிவபுராணத்தின் முதற்சொல்லை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைக்கு அதில் தன் எழுத்து எது என்று தெரிந்திருக்க வேண்டாமா? ஜொகூரின் கோயில்களில் ஞாயிறுதோறும் சமய வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களை வேண்டிக்கொள்கிறேன்: திருவருட்பயனின் ஒன்பதாம் அதிகாரத்தில் இருப்பவை பத்துக் குறள்களே, சிவபுராணத்தோடு அவற்றையும் சேர்த்துக் கற்பியுங்கள்.