கேட் மூடியிருக்கு, பாலத்துக்குக் காசு யார் தர்றது?

ஜி.எஸ்.டி. ரோட்டுல செங்கல்பட்டு பக்கம் போனவங்களுக்கு சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டைப் பத்திச் சொல்லவே வேண்டாம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் போற ரோடு அங்கதான் தண்டவாளத்தைத் தாண்டுது. கேட் மூடினா லாரியும் கம்பெனி பஸ்ஸும் ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும் நின்ன காலம் உண்டு. மேம்பாலத்துக்காக ஜனங்க காத்திருந்தது பல வருஷம். இந்த மாதிரிப் பாலங்கள் ஏன் இழுத்துக்கிட்டே போகுது? தேடிப் படிச்சதுல எனக்குப் புரிஞ்சது, பாதிக்கு மேல இது பணக் கணக்கு.

முதல்ல நியூயார்க் போவோம். 1925ல, கார்கள் பெருகின நேரம், 30 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டு ரயில்வே கிராசிங்குகளை ஒழிக்கலாமான்னு அந்த மாநிலத்துல ஓட்டெடுப்பு நடந்தது. மக்கள் சரின்னாங்க. 2006ல கலிபோர்னியாவிலும் இதேதான். சுமார் 2,000 கோடி டாலர் போக்குவரத்துப் பத்திரம், அதுல 25 கோடி கிராசிங் பாதுகாப்புக்குன்னே ஒதுக்கினது.

நம்ம ஊர்ல வழி வேற. 1927ல ஜெயகர் கமிட்டி அமைச்சாங்க. அது சொன்னபடி 1929ல பெட்ரோல் மேல காலனுக்கு 2 அணா கூடுதல் வரி போட்டு மத்திய சாலை நிதி தொடங்கினாங்க. 2000ல அதுக்குத் தனிச் சட்டமே வந்தது. பெட்ரோல், டீசல் செஸ்ல ஒரு பங்கு ரயில்வே மேம்பாலம், சுரங்கப்பாதைக்குப் போகணும்னு அதுல இருந்தது. அதாவது, பங்க்ல நீங்க வண்டிக்கு பெட்ரோல் போட்டப்பவே பாலத்துக்கும் காசு கொடுத்துட்டீங்க. ஓட்டு மட்டும் போடல.

அப்போ எந்த கேட்டுக்குப் பாலம்னு யார் முடிவு பண்ணுவா? அதுக்கு ஒரு ஃபார்முலா இருக்கு. ஒரு நாள்ல போற ரயில்களையும் வண்டிகளையும் பெருக்கணும். 100 ரயில், 1,000 வண்டின்னா 1 லட்சம். ஆட்டோவுக்கு அரை மார்க்தான். நடந்து போறவங்க கணக்கிலேயே வர மாட்டாங்க. ரொம்ப காலமா இருந்த விதிப்படி, 1 லட்சத்தைத் தாண்டினா ரயில்வே பாதி, மாநிலம் பாதி. தாண்டலைன்னா, பாலம் கேட்டவங்களே முழுச் செலவையும் ஏத்துக்கணும்.

பாதி பாதிங்கிறதுலதான் சிக்கல். தண்டவாளத்துக்கு மேல இருக்கிற பகுதியை ரயில்வே கட்டும். ரெண்டு பக்கமும் ஏறி இறங்குற சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையோட வேலை, நிலம் எடுக்கிறதும் அவங்கதான். எங்க டெவலப்பர் பாஷைல சொன்னா, ரெண்டு டீம், ரெண்டு பட்ஜெட், ஒரே ரிலீஸ். ஒரு டீம் லேட்டானாலும் பாலம் அந்தரத்துல நிக்கும்.

பத்திரம் போட்டா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்லல. கடன்னா வட்டி உண்டு. 2025ல சென்னை மாநகராட்சி 200 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது, நம்மகிட்ட யாரும் ஓட்டு கேட்கல. ஆனா எந்த வேலைக்கு, எவ்வளவு, எப்போ திருப்பித் தரணும்னு பத்திரத்துக்கு ஒரு கணக்கு இருக்கும். செஸ்ல கொடுத்த காசு எந்தப் பாலத்துக்குப் போச்சுன்னு பங்க் பில்லைப் பார்த்துத் தெரிஞ்சுக்க முடியாது.

அதனால உங்க ஏரியா கேட்டைப் பத்திப் புகார் கொடுக்கும்போது "பாலம் எப்போ?"ன்னு மட்டும் கேட்காதீங்க. ரயில்வே பங்கு முடிஞ்சுதா, மாநிலப் பங்கு எங்க நிக்குதுன்னு தனித்தனியா கேளுங்க. வர்ற பதிலை எங்களுக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.