நீலகிரிக்கு வந்த கொய்னா மரம்

முருங்கைப் போத்தை வெட்டி ஊன்றினால் மரமாகிவிடும். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலேரியாவுக்குக் கொய்னா மருந்து தந்த சிங்கோனா மரமும் போத்து வழியாகத்தான் நம் நீலகிரியில் பெருகியது என்பது பலருக்குத் தெரியாது.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் வளர்ந்த மரம் அது. பட்டைக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். மரம் அழிந்துவிடுமோ என்ற பயமும், இந்தியாவில் மருந்துக்கு ஆன செலவும் ஆங்கில அரசை உசுப்பின. எது பெரிய காரணம் என்று என்னைக் கேட்டால், செலவுதான் என்பேன்.

1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெரு நாட்டிலிருந்து அனுப்பிய செடிகள் வழி வெயிலில் வாடி, ஊட்டிக்கு வந்தும் பிழைக்கவில்லை. அதே ஆண்டு ஈக்வடார் காட்டில் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் உடல்நலம் குன்றிய நிலையிலும் விதை சேகரித்தார். அவருடன் இருந்த தோட்டக்காரர் ராபர்ட் கிராஸ், சிவப்புப் பட்டை மரத்தின் போத்துகளை அங்கேயே நட்டு வேர்பிடிக்க வைத்தார். 637 செடிகள் கண்ணாடிப் பெட்டிகளில் தெப்பமேறி, பிறகு கப்பலேறின. 1861இல் நீலகிரியை அடைந்தவை 463. இத்தனை தூரத்துக்கு இது சாதாரணக் கணக்கல்ல!

ஊட்டி அரசுத் தோட்டத்தைக் கவனித்த மெக்கைவர், மரம் வளர்ந்து விதை தரட்டும் என்று காத்திருக்கவில்லை. பதியன் போட்டார், போத்து வைத்தார், ஒற்றைக் கணுவைக்கூட விடாமல் நட்டார். சில ஆண்டுகளில் மரங்கள் லட்சக்கணக்கில் பெருகின. பட்டையைக் கீற்றாக உரித்து, அந்த இடத்தைப் பாசியால் மூடி, மறுபடி பட்டை வளரவைக்கும் முறையும் அவருடையதே. மரத்தை வெட்டாமல் மருந்து! நடுவட்டம் தோட்டத்தில் உழைத்தவர்களில் மலாய்த் துறைமுகங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் உண்டு. இதைப் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை.

ஆனால் போத்து தாய்மரத்தை அப்படியே திருப்பித் தரும், குறையையும் சேர்த்து. சிவப்புப் பட்டை மரம் எங்கும் திடமாக வளரும், கொய்னாச் சத்தோ குறைவு. சார்லஸ் லெட்ஜர் பொலிவியாவிலிருந்து பெற்ற சத்து மிகுந்த விதையை ஆங்கில அரசு வேண்டாம் என்றது. 1865இல் டச்சுக்காரர்கள் அதை வாங்கி ஜாவாவில் விதைத்தார்கள். உலகக் கொய்னாச் சந்தை அவர்கள் கைக்குப் போனது. அந்த மரம் நோஞ்சான் என்பதால் அதை ஒட்டுக்கட்டி வளர்த்தார்கள். ஒட்டுக்கு அவர்கள் எடுத்த வேர்ச்செடி, நம் மெக்கைவர் பெருக்கிய அதே சிவப்புப் பட்டை வகை.