வழுக்கைக் கழுகு, அரிட்டாபட்டி வல்லூறு, நம்ம மருந்துச் சீட்டு

அமெரிக்க டாலர் நோட்டுல ஒரு கழுகு இருக்குமே, கவனிச்சிருக்கீங்களா? வழுக்கைக் கழுகுன்னு பேரு. ஆனா வழுக்கை கிடையாது. தலை முழுக்க வெள்ளை இறகு. அதுவும் நாலஞ்சு வயசுக்கு மேலதான் முழுசா வெளுக்கும். 1782-லேயே அந்த நாட்டு முத்திரையில் ஏறிடுச்சு. சட்டப்படி தேசியப் பறவை ஆனதென்னவோ 2024 டிசம்பரில்தான்!

1963-ல் எண்ணிப் பார்த்தப்போ, அலாஸ்காவை விட்டுட்டு, மிஞ்சினது 417 ஜோடி.

காரணம் எங்க மருத்துவத் துறையே கொண்டாடிய ஒரு பொருள். டி.டி.டி. அது பூச்சியைக் கொல்லும்னு கண்டுபிடிச்ச பால் முல்லருக்கு 1948-ல் மருத்துவ நோபல் கொடுத்தாங்க. தப்பில்ல, மலேரியாவிலிருந்து அது காப்பாத்தின உயிர்கள் ஏராளம். உங்க வீட்டுத் தாத்தா பாட்டியைக் கேளுங்க: மருந்தடிக்க வந்தவங்க சுவத்துல தேதி எழுதிட்டுப் போனது ஞாபகம் இருக்கும்.

ஆனா வயல்ல கொட்டினது வாய்க்காலுக்குப் போச்சு, அங்கிருந்து மீனுக்கு, மீன்லேர்ந்து கழுகுக்கு. கழுகு சாகல. முட்டை ஓட்டுக்குப் போற கால்சியம் குறைஞ்சு ஓடு மெலிஞ்சுது. அடைகாக்க உட்கார்ந்த தாயோட பாரத்துலேயே முட்டை நொறுங்கிச்சு. இதை முதல்ல ஆதாரத்தோட காட்டினது இங்கிலாந்தில் ராட்கிளிஃப், 1967-ல், பொரி வல்லூறு முட்டைகளை வச்சு. 1972-ல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செஞ்சுது. 2007-ல் கழுகு ஆபத்துப் பட்டியலை விட்டே வெளியே வந்துடுச்சு.

அந்தப் பொரி வல்லூறோட நம்மூர் உறவுதான் ஷாகீன் வல்லூறு. மதுரையிலிருந்து மேலூர் பக்கம், அரிட்டாபட்டி மலையில இருக்கு. கூடவே லகர் வல்லூறு, ராஜாளி. தமிழி கல்வெட்டும் சமணப் படுக்கையும் பாண்டியர் குடைவரையும் இருக்கிற அதே பாறைகள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆச்சு. ரெண்டு வருஷத்துல டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்துச்சு. ஊர் ஜனம் திரண்டு நின்னதுல 2025 ஜனவரி 23 அன்று ரத்து.

இப்போ என் பக்கத்துக் கதை. டைக்ளோஃபினாக். மூட்டுவலிக்கு நாங்க தினமும் எழுதுற மருந்து. மாட்டுக்கும் போட்டாங்க. அந்த மாடு செத்து, அதைப் பாறு, அதான் பிணந்தின்னிக் கழுகு, தின்னா கிட்னி செயலிழந்து யூரிக் அமிலம் உள்ளுறுப்பு மேல வெள்ளைப் பூச்சா படியும். சில நாள்ல முடிஞ்சுது. நூறு சடலத்துல ஒண்ணுல இருந்தாலே போதும், இனமே சரியும். வெண்முதுகுப் பாறு இந்தியாவில் 99 சதவீதத்துக்கு மேல போயிடுச்சு. 2004-ல்தான் காரணம் தெரிஞ்சுது. 2006-ல் கால்நடைக்குத் தடை. தமிழ்நாட்டில் பாறு இனங்களுக்கு இன்னைக்கு முக்கியப் புகலிடம் மாயாறு பள்ளத்தாக்குதான்.

தடைக்கு அப்புறமும் மனுஷனுக்கான பெரிய குப்பி ஊசி மாட்டுக்குப் போச்சு. அதனால 2015-ல் குப்பியை 3 மில்லியாகச் சுருக்கினாங்க. "ஏன் டாக்டர் இவ்ளோ சின்னதா வருது?"ன்னு கேப்பாங்க. காரணம் கழுகுதான்னா சிரிப்பாங்க.

போன மாசம்கூட ஒரு பெரியவர் தன் சீட்டோட இன்னொரு ஊசியும் எழுதச் சொன்னார், பசுவுக்காம். எழுதல. கால்நடை டாக்டர்கிட்ட மெலாக்சிகாம் கேளுங்கன்னு அனுப்பினேன். அது பாறுகளைக் கொல்லாது, விலையும் அதிகமில்ல. உங்க வீட்லயும் மாடு இருந்தா அந்தப் பேரைக் குறிச்சு வச்சுக்கோங்க.