மறுஆய்வுத் தடையின் எல்லை: அமெரிக்கத் தற்காலிகப் பாதுகாப்பும் நீதிமன்றங்களும்

போராலோ பேரிடராலோ தாயகம் திரும்ப இயலாத அயல்நாட்டினர், அங்கு நிலைமை சீராகும்வரை அமெரிக்காவில் தங்கி வேலை செய்யலாம் என்ற ஏற்பாடே ‘தற்காலிகப் பாதுகாப்புத் தகுதி’. 1990ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் இதை உருவாக்கியது. அதே சட்டம், ஒரு நாட்டைப் பட்டியலில் சேர்ப்பது, நீட்டிப்பது, நீக்குவது பற்றிய தீர்மானங்களை நீதிமன்றங்கள் மறுஆய்வு செய்யலாகாது என்றும் கூறுகிறது. அப்படியானால் இத்தகுதியைப் பறிக்கும் முடிவுகளை எதிர்த்த வழக்குகளில் நீதிபதிகள் எதைத்தான் விசாரிக்கலாம்? அத்தடை காப்பது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அமைச்சரின் மதிப்பீட்டை மட்டுமே. சட்டம் தராத அதிகாரத்தை அவர் கையிலெடுத்தால் அதற்கு அது அரணாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சட்டத்தின் கட்டமைப்பே இதற்கு முதற்சான்று. பாதுகாப்பு 6 முதல் 18 மாதங்களுக்கு வழங்கப்படுகிறது. அது முடிவதற்குக் குறைந்தது 60 நாள்களுக்கு முன், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அமைச்சர் உரிய துறைகளைக் கலந்து, அந்நாட்டு நிலைமையை ஆராய வேண்டும். பாதுகாப்புக்கான காரணங்கள் நீங்கிவிட்டன என்று அவர் தீர்மானிக்காவிட்டால் அது தானே நீளும். நீக்கினாலும், அறிவிப்பு வெளியாகி 60 நாள்கள் முடிவதற்கு முன்போ, ஏற்கெனவே வழங்கிய நீட்டிப்பு முடிவதற்கு முன்போ அது நடைமுறைக்கு வரலாகாது. நாட்டு நிலைமையை எடைபோடும் உரிமையை அமைச்சரிடம் விட்ட நாடாளுமன்றம், எப்போது, எந்த வழியில் என்பதைத் தானே வரையறுத்துவிட்டது.

2025இல் மீறப்பட்டது இந்த வரையறைதான். வெனிசுவேலா மக்களுக்கான பாதுகாப்பை 2026 அக்டோபர் 2 வரை நீட்டித்த முந்தைய அரசின் முடிவு, ஜனவரி 17 அன்று வெளியானது. புதிய அமைச்சர் கிறிஸ்டி நோயம், பதவியேற்ற மூன்றே நாளில், ஜனவரி 28 அன்று அதை ரத்து செய்தார். அடுத்து, 2023இல் வழங்கப்பட்ட பாதுகாப்பையே நீக்கினார். ஏறத்தாழ 3,50,000 பேரை இது பாதித்தது. சேர்த்தல், நீட்டித்தல், நீக்குதல் ஆகிய மூன்றையே சட்டம் பேசுகிறது. வழங்கிய நீட்டிப்பைத் திரும்பப் பெறும் அதிகாரம் அதில் எங்கும் இல்லை. அப்படியோர் அதிகாரத்தை ஊகித்துக்கொண்டால், நீட்டிப்புக் காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்ற விதியே பொருளற்றுப் போகும். கலிஃபோர்னியாவில் நீதிபதி எட்வர்ட் சென்னும், 2025 ஆகஸ்டில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதனை ஏற்றன. ஹைட்டியருக்கான காலத்தைச் சுருக்கிய முடிவை, நியூயார்க்கில் நீதிபதி பிரையன் கோகன் ஜூலை 1 அன்று சட்டவிரோதம் என்றார்.

இந்த முடிவுகளும் மறுஆய்வுத் தடைக்குள் அடங்கும் என்ற அரசுத் தரப்பு வாதத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. வேளாண் தொழிலாளர் பொதுமன்னிப்புத் திட்டம் பற்றிய 1991ஆம் ஆண்டு மெக்னரி வழக்கில், தனி விண்ணப்பங்கள் மீதான முடிவுகளுக்குரிய மறுஆய்வுத் தடை, நடைமுறையையே எதிர்க்கும் வழக்குகளைத் தடுக்காது என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் இங்குள்ள தடையின் சொற்கள் அதைவிட அகலமானவை. அதனால்தான் எல் சால்வடோர், ஹைட்டி, நிகரகுவா, சூடான் நாட்டினருக்கான நீக்கத்துக்கு சென் 2018இல் விதித்த தடையை, மேல்முறையீட்டு அமர்வொன்று 2020இல் விலக்கியது. 2023இல் அவ்வழக்கு விரிவான அமர்வின் மறுவிசாரணைக்கு ஏற்கப்பட்டதால், அத்தீர்ப்பும் செல்லாமல் போனது. எனினும் தடை எவ்வளவு அகலமானாலும், அது பெயரிட்டுச் சொல்லும் தீர்மானங்களைத் தாண்டிச் செல்லாது. வெனிசுவேலாவின் நிலைமை சீராகிவிட்டதா என்று நீதிபதி கேட்க வேண்டியதில்லை. அமைச்சருக்கு இந்த அதிகாரம் உண்டா என்று கேட்பது அவர் கடமை.

தற்காலிகமானது இருபதாண்டுக்கு மேல் நீள்கிறதே என்ற குறையிலும் உண்மை உண்டு. 1998இன் மிட்ச் புயலுக்குப் பின் 1999இல் சேர்க்கப்பட்ட ஹோண்டுராஸ், 2001 நிலநடுக்கங்களுக்குப் பின் சேர்க்கப்பட்ட எல் சால்வடோர் ஆகியவை இதற்குச் சான்று. ஆனால் இவர்களுக்கு நிரந்தர வசிப்புரிமை வழங்கும் மசோதாவை எடுத்துக்கொள்ள செனட்டில் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும் என்று சட்டமே நிபந்தனை விதித்திருக்கிறது. முறையான அனுமதியின்றி நுழைந்தவர் இத்தகுதியை மட்டும் கொண்டு நிரந்தர வசிப்புரிமை பெற முடியாது என்று 2021இல் உச்ச நீதிமன்றமும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வேறு வழிகளை அடைத்துவிட்டு, நெடுங்காலம் தங்கியதையே குற்றமாக்குவது அறமல்ல. இந்தக் குறையைத் தீர்க்க வேண்டியது நாடாளுமன்றம். அமைச்சர் நடைமுறையைத் தாண்டுவதால் அது தீராது.

உச்ச நீதிமன்றம் 2025 மே 19 அன்று, காரணம் ஏதும் கூறாமல், வெனிசுவேலா வழக்கில் சென் பிறப்பித்த உத்தரவை நிறுத்திவைத்தது. செப்டம்பரில் சென் முழு ஆதாரங்களையும் ஆராய்ந்து இறுதித் தீர்ப்பளித்த பின்னும், அக்டோபர் 3 அன்று முந்தைய முடிவையே சுருக்கமாக மீண்டும் வழங்கியது. மறுஆய்வுத் தடை எங்கே முடிகிறது என்பதை இவ்விரு உத்தரவுகளும் சொல்லவில்லை. கீழ் நீதிமன்றங்களுக்கு வழிகாட்டும் நெறி கிடைக்கவில்லை. ஆனால் வேலை அனுமதியும் வசிப்புரிமையும் இழந்த குடும்பங்களுக்கு விளைவு உடனடியாக வந்தது. வழக்கு முடியுமுன் நாடு கடத்தப்பட்டவருக்குப் பின்னர் கிடைக்கும் வெற்றி ஈடாகாது. ஆகவே, அதிகார வரம்பு பற்றிய கேள்விகள் மறுஆய்வுக்கு உட்பட்டவையே என்பதை உச்ச நீதிமன்றம் காரணங்களோடு நிலைநாட்ட வேண்டும். அதுவரை, வழங்கப்பட்ட நீட்டிப்பு அதன் காலம் முழுவதும் நிற்க வேண்டும்.